அந்தகாரமும் அநியாயமும்

கதை, கவிதை வாசிக்கும் சகோதரிகளுக்கு 'அந்தகாரம்' என்ற சொல் புதிதல்ல. மின்சாரம் நின்றுபோனால் "ஒரே இருட்டு" என்போமே தவிர, "அந்தகாரம்" என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. அது ஏட்டில் வாழும் சொல்.

வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் இது. 'அந்த' என்றால் குருடு; 'காரம்' என்றால் செய்வது. குருடாக்குவது என்பதே இதன் மூலப் பொருள். பார்வையற்றவரைக் குறிக்கும் 'அந்தகன்' என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். சிங்களத்தில் இருளைக் குறிக்கும் 'அந்துர', உருதுவின் 'அந்தேரா' ஆகியனவும் இதன் வழிவந்தவையே. 'திமிரம்' என்ற இன்னோர் இலக்கியச் சொல்லுக்கும் இருள், கண்ணோய் என இரு பொருள்கள் உண்டு. இருட்டில் பொருட்கள் மறைந்துவிடுவதில்லை. நமது பார்வைதான் மறைகிறது.

அரபு மொழி இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அங்கே இருள் 'ளுல்மத்', அநியாயம் 'ளுல்ம்'. இரண்டுக்கும் வேரெழுத்துக்கள் ஒன்றே. ஒன்றை அதற்குரிய இடத்தில் வைக்காமல் வேறிடத்தில் வைப்பதே ளுல்ம் என அரபு அகராதி அறிஞர்கள் விளக்குவர். அல்குர்ஆன் ஒளியை 'நூர்' என்று ஒருமையிலும், இருளை 'ளுலுமாத்' என்று பன்மையிலும் கூறுகிறது. நேர்வழி ஒன்று, வழிகேடுகள் பல என்பது விரிவுரையாளர்கள் தரும் விளக்கம்.

யூனுஸ் (அலை) அவர்கள் இரவு, கடல், மீன் வயிறு என்ற இருள்களுக்குள் இருந்து அல்லாஹ்வை அழைத்தார்கள். கஷ்டம் வரும்போது நம் உம்மாமார் ஓதும் அந்த துஆவின் கடைசிச் சொல் 'ளாலிமீன்'. அநியாயம் செய்தோர் என்பது அதன் பொருள். இருளில் நின்று தம் தவறை ஒப்புக்கொண்ட பின்னரே அவர்களுக்கு வெளிச்சம் கிடைத்தது.

அநியாயம் மறுமை நாளில் இருள்களாக வரும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது.

சகோதரிகளே! வேலைக்கு வரும் பெண்ணின் கூலியை இழுத்தடிப்பதும், மருமகளைக் குத்திப் பேசுவதும், கூடப்பிறந்தவளின் வாரிசுப் பங்கைக் கொடுக்காமல் வைத்திருப்பதும் நமக்குச் சிறிய விடயங்களாகத் தெரியலாம். அப்படித் தெரிவதுதான் அந்தகாரம். அது கண்ணை மறைத்துவிடுகிறது.

இரவின் இருட்டுக்கு ஒரு குப்பி விளக்குப் போதும். இந்த இருட்டு நீங்க, உரியவருக்கு உரியதைக் கொடுத்தேயாக வேண்டும்.