துணியில் எழுந்த கோயில்

ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டிப் போனால் காளஹஸ்தி அதிக தூரமில்லை. பொன்முகலி ஆற்றங்கரை ஊரான அங்கே மூங்கில் குச்சியால் துணியில் வரையும் கலம்காரியை நம்மில் பலர் பார்த்திருப்போம். இராமாயண, பாரதக் கதைகள் வரைந்த அந்தத் துணிகள் கோயில்களில் தொங்கின. சரி, கோயிலுக்குள்ளேயே விடப்படாதவர்கள் எதில், யாரை வரைந்தார்கள்?

குஜராத்தில் வாக்ரி மக்கள் அம்மனை வரைந்தார்கள். 'மாதா நி பச்சேடி' என்று அதற்குப் பெயர். சாதி காரணமாகக் கோயில் வாசல் அடைக்கப்பட்ட அந்த மக்கள், அம்மன் வரைந்த துணிகளைச் சுற்றிலும் கட்டி, மேலே ஒரு துணியை விதானமாக விரித்து, தங்களுக்கென்று ஒரு கோயிலை எழுப்பிக்கொண்டார்கள். பூசாரியும் அவர்களில் ஒருவரே. நடுவில் அம்மன். சேவல் மேல் பகுச்சரா, கறுப்பு ஆட்டின் மேல் மெல்டி, முதலை மேல் கோடியார். சுற்றிலும் கும்பிட வருகிற சனங்கள்.

சாயத்துக்கும் பெரிய செலவில்லை. துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் காய்ச்சினால் கறுப்பு. படிகாரம் பூசிய இடம் சாயத்தில் கொதிக்கும்போது சிவக்கிறது. அந்தச் சிவப்புச் சாயம் இன்று கடையில் வாங்குவதுதான். துவைக்க ஓடுகிற தண்ணீர் வேண்டும். அகமதாபாத் வாஸ்னா பகுதிக் குடும்பங்களுக்கு அது சபர்மதி ஆறு. கடுக்காய், வெல்லம், இரும்பு என்று காளஹஸ்திக் கைப்பக்குவமும் ஏறக்குறைய இதேதான். பொருள் ஒன்று, ஆறு வேறு. ஒன்று கோயிலுக்குள் போனது, மற்றொன்று கோயிலாகவே ஆனது.

அரசுப் பட்டியலில் வாக்ரிகள் தலித்துகள் அல்லர், பிற்படுத்தப்பட்டோர். பிறகு ஏன் இந்தப் பகுதியில் அவர்களைப் பற்றி எழுதுகிறோம் என்று கேட்கலாம். தீண்டாமை பட்டியலைப் பார்த்து வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. நம் பேருந்து நிலையங்களில் ஊசியும் பாசிமணியும் விற்கும் நரிக்குறவர் தங்களை வாக்ரி என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பேசும் வாக்ரிபோலி குஜராத்திக்கு நெருங்கிய மொழி. போகிற இடமெல்லாம் தங்கள் அம்மனை 'சாமி மூட்டை'யில் கட்டித் தூக்கிப் போனவர்கள் அவர்கள். தமிழ்நாட்டில் அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023இல்தான் வந்தது.

அதே 2023இல் மாதா நி பச்சேடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அகமதாபாத்தின் பானுபாய் சித்தாராவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் அந்த ஆண்டில்தான். 'வாக்ரி' என்ற சொல்லை ஊரார் வசையாகவே ஆக்கிவிட்ட மாநிலம் அது. அங்கே இந்த ஓவியக் குடும்பங்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் வைத்துக்கொண்ட 'சித்தாரா'வுக்கு, வரைபவர் என்று பொருள்.