வளர்ப்புப் பெற்றோர் ஆகும் முன்

தகப்பன் சிறையில், தாய் நீண்ட நாள் சிகிச்சையில். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை எங்கே போகும்? பாட்டி இருந்தால் பாட்டி வீடு. இல்லையென்றால் குமரி மாவட்டத்தில் பலருக்கும் அடுத்துத் தோன்றுவது விடுதிதான். 1819-ல் நாகர்கோவில் வந்த மிஷனரி தம்பதி மால்ட், பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய ஊர் இது. விடுதிகள் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. ஆனால் ராத்திரி காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கப் பிள்ளைக்கென்று ஓர் ஆள் வேண்டும். அதற்கான வழிதான் 2015-ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44-வது பிரிவில் சொல்லும் வளர்ப்புப் பராமரிப்பு.

இது தத்து அல்ல. தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. இங்கே குழந்தைகள் நலக்குழு ஆணையிட்டு, ஒரு காலத்துக்குப் பிள்ளையை உங்களிடம் ஒப்படைக்கிறது. முதலில் ஓராண்டு வரை, தேவைப்பட்டால் 18 வயது வரை நீட்டலாம். தடை இல்லாவிட்டால் பெற்றவர்கள் வந்து பார்ப்பார்கள். அவர்கள் நிலைமை சீரானால் பிள்ளை அங்கே திரும்பும். பிள்ளையில்லாத ஏக்கத்தோடு விண்ணப்பிக்கும் தம்பதிகள் இந்த இடத்தில்தான் நின்று யோசிக்க வேண்டும். தத்துக்கொடுக்கத் தகுதி பெற்ற பிள்ளையாக இருந்தால், இரண்டு ஆண்டு வளர்த்தவர்களே தத்தெடுக்க மத்திய அரசின் 2024 வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல் இடம் தருகிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தாது.

மணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும்கூட 35 முதல் 60 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம். தனி ஆணிடம் ஆண்பிள்ளையை மட்டுமே தருவார்கள். வருமானம், காவல்துறை விசாரணை, வீட்டிலுள்ள அனைவரின் மருத்துவ அறிக்கை எல்லாம் பார்ப்பார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாதந்தோறும் ஆய்வும் உண்டு. அதை அவமானமாக நினைக்கிறவர்களுக்கு இது சரிவராது.

காகிதம் சேர்ப்பது சுலபம், வீட்டைத் தயார்செய்வதுதான் பாடு. தூத்தூரிலோ குளச்சலிலோ வளர்ந்த பிள்ளை மீன்குழம்பும் மரச்சீனிக்கிழங்கும் கேட்கும். நீங்கள் சைவம் என்றால் என்ன செய்வீர்கள்? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் யார் கூட்டிப்போவது? ‘அம்மா’ என்று கூப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே ஓர் அம்மா இருக்கிறாள். மாமி, சித்தி, எது வாயில் வருகிறதோ அது போதும். பசியை அறிந்த பிள்ளை தலையணைக்கடியில் பிஸ்கட்டை ஒளித்து வைக்கும். திருட்டு என்று அடிக்காமல், கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பா நிறையத் தின்பண்டம் வையுங்கள். சொந்தப் பிள்ளைகளிடமும், கூட இருக்கும் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசுங்கள். “இது எந்தச் சாதிப் பிள்ளை?” என்று பக்கத்து வீட்டில் கட்டாயம் கேட்பார்கள். பிள்ளையின் கதையை யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. “எங்க வீட்டுப் பிள்ளை” என்ற ஒரே பதிலை வீட்டில் எல்லாரும் சொல்லப் பழகுங்கள்.

இந்தப் பாடு வீண்போகாது. ருமேனியாவின் புகாரெஸ்டில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், விடுதிக் குழந்தைகள் 136 பேரில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். அவர்களின் அறிவுத்திறன் விடுதியிலேயே இருந்தவர்களைவிட மேம்பட்டது. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கே பலன் அதிகம். நம் நாட்டில் வளர்ப்புப் பராமரிப்புக்கு வருவது பெரும்பாலும் ஆறு வயதைத் தாண்டியவர்கள். ஒரு மாதத்தில் ஒட்டிக்கொள்ளவில்லையே என்று அலுத்துக்கொள்ளாமல், ஆண்டுக்கணக்கில் பொறுக்கத் துணிந்தவர்கள்தான் முன்வர வேண்டும்.

விருப்பம் உள்ளவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். மத்திய அரசின் கேரிங்ஸ் (CARINGS) இணையதளத்தில் பதிவு செய்யலாம். ஆபத்தில் உள்ள பிள்ளையைக் கண்டால் 1098-க்கு அழையுங்கள். ஆணை இல்லாமல், யாரோ கொண்டுவந்து தந்தார்கள் என்று எந்தக் குழந்தையையும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.