ஆறு இலக்கப் பூட்டு

கடவுச்சொல்லை மறந்தால் செல்பேசிக்கு ஆறு இலக்க எண் வருகிறதே, அதை ஊகித்தே உள்ளே நுழைய முடியாதா? 000000 முதல் 999999 வரை மொத்தம் 10 லட்சம் எண்கள்தான். கணினிக்கு இது சிறிய வேலை. அதனால்தான் அந்த எண் சில நிமிடங்களில் காலாவதியாகிறது. ஒரே இடத்திலிருந்து அடுத்தடுத்து முயன்றால் சர்வர் தடுத்துவிடுகிறது.

2019-ல் சென்னையைச் சேர்ந்த லட்சுமண் முத்தையா இன்ஸ்டாகிராமின் இந்தத் தடுப்பைத்தான் சோதித்தார். தடுப்பு ஒவ்வொரு ஐ.பி. முகவரிக்கும் (இணையத்தில் ஒரு கருவியின் அடையாள எண்) தனித்தனியாகக் கணக்கு வைப்பதைக் கண்டுகொண்டார். 1,000 முகவரிகளிலிருந்து ஒரே சமயத்தில் 2 லட்சம் எண்களை அனுப்பினார். தடை விழவில்லை! அப்படியானால் 5,000 முகவரிகள் போதும், 10 லட்சம் எண்களையும் பார்த்துவிடலாம். எவ்வளவு எளிமையான ஓட்டை!

அவர் அதை விற்கவில்லை, இன்ஸ்டாகிராமின் உரிமையாளரான பேஸ்புக் நிறுவனத்துக்கே தெரிவித்தார். ஓட்டை அடைபட்டது, 30,000 டாலர் பரிசும் வந்தது.

பரிசு அறிவித்து நிறுவனமே அழைத்ததால் இது முறையான சோதனை. அனுமதியின்றிக் கெட்ட நோக்கத்தோடு பிறர் கணினிக்குள் புகுந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. கற்றுக்கொள்ள விரும்பும் தம்பி, தங்கைகளே, முதலில் உங்கள் சொந்தக் கணினியைச் சோதித்துப் பழகுங்கள்.