உங்களுக்குத் தெரியுமா? பாக்டீரியாவின் மொய் நோட்டு

பாக்டீரியாவையும் வைரஸ் தாக்கும். பேஜ் என்பது அந்த வைரஸின் பெயர். பாக்டீரியாவின் மேல் வந்து உட்கார்ந்து தன் டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே இறக்கும். மிச்ச வேலையெல்லாம் பாக்டீரியாவின் செலவில். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் செல் வெடித்து, புதுப் பேஜ்கள் கூட்டமாக வெளியே வந்துவிடும்.

தப்பிப் பிழைக்கும் ஒன்றிரண்டு என்ன செய்யும் தெரியுமா? வந்தவனின் டி.என்.ஏ.வில் சுமார் 30 எழுத்து நீளத்துக்கு நறுக்கி, தன் டி.என்.ஏ.விலேயே செருகி வைத்துக்கொள்ளும். காஸ்1, காஸ்2 என்ற புரதங்கள்தான் கணக்கப்பிள்ளைகள். யார் என்ன செய்தார்கள் என்று குறித்து வைத்தால்தானே திருப்பிச் செய்ய முடியும்? நம் மொய் நோட்டேதான். ஆனால் இங்கே புதுக் கணக்கு வழக்கமாக முதல் பக்கத்தில் ஏறும். அதே பேஜ் மறுபடி வந்தால், குறிப்பின் ஆர்.என்.ஏ. நகலோடு சுற்றும் வெட்டுப் புரதம் ஒப்பிட்டுப் பார்க்கும். பொருந்தினால் ஒரே வெட்டு!

அப்பா எழுதிய நோட்டு பிள்ளைக்கு வருகிற மாதிரி, செல் இரண்டாகப் பிரியும்போது ஆளுக்கொரு பிரதி. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பா போட்டுக்கொண்ட தட்டம்மை ஊசியைப் பிள்ளைக்கும் தனியாகப் போட்டாக வேண்டும்.

சரி, நறுக்கும் துண்டு தன்னுடையதா அந்நியனுடையதா என்று எப்படித் தெரியும்? ஈ.கோலை பாக்டீரியாவில் 2015இல் ஒரு விடை கிடைத்தது. டி.என்.ஏ.வின் உடைந்த முனையைக் கண்டால் ரெக்பிசிடி என்ற புரதக் கூட்டு அங்கிருந்து தின்னத் தொடங்கும். சிந்தும் துணுக்குகளே நோட்டில் ஏறுகின்றன. பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ.வோ வளையம், அதில் முனை அபூர்வம். உடைந்தாலும், ‘போதும், நிறுத்து’ என்னும் 8 எழுத்துக் குறிகள் வழிநெடுக உண்டு. பேஜில் அவை குறைவு.

நோட்டில் இருப்பதும் பேஜின் துண்டுதானே, வெட்டுப் புரதம் நோட்டையே ஏன் கிழிப்பதில்லை? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பேஜில் அந்தத் துண்டை ஒட்டினாற்போல் சில எழுத்துகளில் ஓர் அடையாளம் இருக்கும். நோட்டில் துண்டுக்குப் பக்கத்தில் அது இருக்காது. பல வகைப் பாக்டீரியாக்களில் அந்த அடையாளம் தெரியாத இடத்தில் வெட்டு விழாது.

பேஜ் மட்டும் இளிச்சவாயா? எழுத்து ஒன்றை மாற்றிக்கொண்டே சில தப்பிவிடும். வங்கதேசத்துக் காலரா நோயாளிகளிடம் கிடைத்த ஐசிபி1 பேஜ் இன்னும் கெட்டிக்காரன். இந்த நோட்டையும் கத்தியையும் தானே வைத்துக்கொண்டு, காலரா பாக்டீரியாவின் இன்னொரு தற்காப்பை வெட்டித் தள்ளுகிறது. திருடன் கையில் போலீஸ் லத்தி!

நோட்டை முதலில் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள், 1987இல், ஒசாகாவில். எதற்கென்று அப்போது புரியவில்லை. ஸ்பெயினின் உப்பளத்து நுண்ணுயிர்களை ஆராய்ந்த பிரான்சிஸ்கோ மொகிகா, துண்டுகள் பேஜ்களுடையவை என்று கண்டுபிடித்து எழுதினார். ஆய்விதழ்கள் சில திருப்பி அனுப்பின. ஒருவழியாக 2005இல் அச்சேறியது. 2007இல் அதைச் சோதனையில் நிரூபித்தது யார்? டேனிஸ்கோ என்ற உணவுப்பொருள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். யோகர்ட் பாக்டீரியாவைப் பேஜ் அழித்தால் நஷ்டம் அவர்களுக்குத்தானே! க்ரிஸ்பர் என்று இன்று ஊரெல்லாம் பேசும் மரபணுக் கத்தரி இந்த நோட்டிலிருந்து வந்ததுதான். அதற்கு 2020இல் நோபல்.

பாக்டீரியாவுக்குள் சினிமா ஓட்டியிருக்கிறார்கள் தெரியுமா? முய்பிரிட்ஜ் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த குதிரை ஓட்டப் படத்தின் 5 சட்டகங்களை டி.என்.ஏ. எழுத்துகளாக்கி, நாளுக்கொன்றாக ஈ.கோலைக் கூட்டத்துக்குள் செலுத்தினார்கள். பாக்டீரியாக்கள் பேஜ் துண்டென்று நம்பி நோட்டில் ஏற்றின. நோட்டில்தான் வரிசை தப்பாதே! 2017இல் திருப்பிப் படித்தபோது, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும், குதிரை ஓடியது.