ஐம்பதுகளின் திரை வசனங்கள்: நினைவில் நின்றவையும் நில்லாதவையும்

தமிழ்த் திரைப்பட வரலாற்றிலே 1950கள் வசனத்தின் காலமாகும். 1931 இல் 'காளிதாஸ்' வெளிவந்த நாள் முதல் ஏறத்தாழ இருபதாண்டுகளாகப் பாட்டே படத்தின் உயிராகக் கொள்ளப்பட்டது. ஐம்பதுகளிலோ படம் பார்த்து மீண்டோர் வசனத்தையும் மனனஞ் செய்தனர். வசனங்கள் இசைத்தட்டுகளாகவும் சிறு நூல்களாகவும் விற்பனையாயின. படத்தைப் பாராதவர்களும் அவற்றை ஒப்புவித்தனர். இவ்வசனங்கள் ஏன் நினைவில் நின்றன? நின்றபோது எவற்றை இழந்தன? இவ்விரு வினாக்களையும் இங்கு நோக்குவோம்.

முதலாவது வினாவிற்கான விடை வசனத்தின் அமைப்பிலேயே உள்ளது. 'அம்பிகாபதி' (1937), 'கண்ணகி' (1942) ஆகிய படங்களில் இளங்கோவன் தொடக்கிவைத்த இலக்கிய நடையை, 'வேலைக்காரி' (1949) மூலம் அண்ணாதுரையும், 'பராசக்தி' (1952), 'மனோகரா' (1954) ஆகியவற்றின் மூலம் கருணாநிதியும் அரசியல் மேடைப் பேச்சுடன் இணைத்தனர். சிறு சிறு தொடர்கள், ஒரே முடிபில் அமையும் அடுக்குகள், எதுகை மோனை, படிப்படியாக உச்சங்கொள்ளும் வினாக்கள் என்பன அந்நடையின் இயல்புகள். செவிவழியே கற்றுப் பழகிய சமூகத்திற்கு இவை நினைவின் கருவிகளாயின. திரைப்படக் கொட்டகையே தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு என்பதைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் வெளிவந்த தமது ஆய்விலே சுட்டியுள்ளார். புலவருக்கும் மேடைப் பேச்சாளருக்கும் உரியதாயிருந்த செந்தமிழ், எழுத்தறியாதாரும் நாவால் ஆளத்தக்க உடைமையாயிற்று. இஃது ஒரு சனநாயகப் பேறே.

நீதிமன்றக் காட்சிகள் இந்நடைக்கு ஏற்ற களமாயின. பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியை அறிந்த மக்களுக்கு, குற்றஞ்சாட்டப்பட்டவரே குற்றஞ்சாட்டுபவராக மாறும் நிலை புதியதன்று. 'பராசக்தி'யின் குணசேகரன், விதவையான தன் தங்கை கல்யாணியிடம் தகாத முறையில் நடக்க முயன்ற பூசாரியைத் தாக்கியமைக்காகக் கூண்டில் நிறுத்தப்படுகிறான். அவன் செயலை மறுக்கவில்லை. அச்செயலைத் தூண்டிய சமூகத்தையே கூண்டில் ஏற்றுகிறான். படத்தைத் தடைசெய்ய வேண்டுமென அன்று குரல்கள் எழுந்தமைக்கு இதன் கூர்மையே காரணம்.

எனினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. பசியாலும் அவமானத்தாலும் துரத்தப்பட்டுத் தன் குழந்தையை ஆற்றில் எறிந்தவள் கல்யாணி. அவளும் நீதிமன்றில் நின்றவளே. ஆயின் மக்கள் நாவில் நிலைத்தது அவளைப் பற்றித் தமையன் ஆற்றிய உரைதான். துன்பம் பெண்ணுடையது, சொல் ஆணுடையதாயிற்று. அதுமட்டுமன்று. சமூகத்தை நோக்கி எழுப்பப்பட்ட வினாவிற்குப் படம் தரும் விடை, பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வதும் அநாதைகளுக்கு இல்லம் அமைப்பதுமேயாம். வினாவின் வீச்சு விடையில் இல்லை. வசனம் தனித்து வழங்கியபோது வினா வாழ்ந்தது. விடையின் குறைபாடு மறைந்தது.

இவ்வகையில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) இன்னும் தெளிவான சான்றாகும். சக்தி கிருஷ்ணசாமியின் வசனமும், 1960 இல் கெய்ரோ ஆசிய-ஆபிரிக்கத் திரைப்பட விழாவிலே சிறந்த நடிகருக்கான பரிசை ஈட்டிய சிவாஜி கணேசனின் நடிப்பும், 1798 இல் இராமநாதபுரத்தில் நிகழ்ந்த சந்திப்பைத் தமிழர் மனத்தில் நிலைநாட்டின. வரி கேட்கும் ஜாக்சனிடம், வயலுக்கு வந்தாயா, நாற்று நட்டாயா என்ற போக்கிலே கட்டபொம்மன் அடுக்கடுக்காய் வினவுகிறான். ஏகாதிபத்தியச் சுரண்டலை இதனினும் எளிதாகப் பாமரர்க்கு உணர்த்துதல் அரிது. ஆயின் அவ்வினாக்களிற் பட்டியலாகும் உழைப்பு யாருடையது? அது பாளையக்காரனுடையதன்று, அவனுக்கும் வரி செலுத்திய உழவனுடையது, உழத்தியுடையது. கும்பினியிடம் கேட்கப்பட்ட அதே வினாவை உழவன் தன் பாளையக்காரனிடமும் கேட்டிருக்கலாம். படம் அதற்கு இடந்தரவில்லை. மேலும், 1799 இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அவ்வீரனின் வாய்மொழியென இன்று பலர் நம்புவது ஒரு நாடகாசிரியரின் ஆக்கமேயாகும். வசனம் வரலாற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இப்போக்கிற்குப் புறம்பாக நிற்பது திருவாரூர் தங்கராசுவின் 'இரத்தக் கண்ணீர்' (1954). எம். ஆர். ராதா உரைத்தவை முழக்கங்களல்ல. பேச்சுத் தமிழின் ஏளனங்கள். பிறர் போலித்தனத்தை நகையாடும் மோகனசுந்தரமே ஒழுக்கக் கேட்டின் உருவாகவும் நிற்கிறான். இறுதியில் தொழுநோயால் சிதைகிறான். பேசுவோனின் நிலையும் அவன் சொல்லும் ஒன்றோடொன்று மோதுவதால், கேட்போன் கைதட்டுவதோடு அமைய முடிவதில்லை, எடைபோடவும் வேண்டியவனாகிறான். தொழுநோயை ஒழுக்கக் கேட்டின் தண்டனையாகக் காட்டியமை அப்படத்தின் பெருங்குறை என்பதையும் இங்குக் கூறுதல் தகும்.

ஆகவே, நினைவில் நின்ற வசனங்களைப் பழங்காலப் பெருமிதமாக மட்டும் போற்றுவதும், வெற்று அலங்காரமென ஒதுக்குவதும் பொருந்தா. அவை பேசத் தடுக்கப்பட்டோர்க்குப் பேசும் முறையொன்றைக் கற்பித்தன. அதேவேளை, அவர்களுக்காகப் பேச வேறொருவரை நியமித்தும் விட்டன. ஒரு வசனம் நெஞ்சைத் தொடும்போதெல்லாம் அதைச் சொல்பவர் யார், யாருடைய துன்பத்தைச் சொல்கிறார், அத்துன்பத்திற்கு உரியவர் அவ்வேளை எங்கே நிற்கிறார் என வினவுதல் வேண்டும். அவ்வாறு வினவுங்கால், குணசேகரனின் குரலுக்கு அப்பால் கல்யாணியின் குரலும் நமக்குக் கேட்கும்.