இறால் கோதும் பல் வேரும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் இறால் வாங்கிய வீட்டில் முதல் வேலை கோது உரிப்பது. தலையைத் திருகி, காலோடு சேர்த்துக் கோதைக் கழற்றினால் சதை தனியே வரும். கோது குப்பைக்குப் போகும். சில வீடுகளில் தென்னையடிக்கு. அந்தக் கோதிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளைத்தான், அழற்சி கண்ட பல்லின் வேருக்குள் கிருமிகொல்லியாக வைக்கலாமா என்று ஆய்வாளர்கள் சோதித்து வருகிறார்கள்.

கோதைக் காயவைத்துத் தூளாக்கி அமிலத்தில் இட்டால் சுண்ணாம்புச் சத்து கரைந்துவிடும். காஸ்டிக் சோடா புரதத்தை நீக்கும். எஞ்சும் கைட்டினைச் செறிந்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் கைட்டோசான். பிரான்சின் சார்ல்ஸ் ரூஜே 1859இல் கண்டறிந்த மாற்றம் இது. வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தில் அதைக் கரைத்து, ஒருவகைப் பொஸ்பேற்று உப்பைச் சேர்த்தால் நனோ துணிக்கைகளாகத் திரள்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குதான் நனோமீட்டர்.

இவ்வளவு சிறிய துணிக்கை எதற்கு?

சொத்தை ஆழமாகிப் பற்கூழைத் தொட்டதும் அழற்சி தொடங்குகிறது. ஊரில் ‘நரம்பு’ என்பது இந்தக் கூழைத்தான். இறுகிய பற்சுவருக்குள் வீக்கத்துக்கு விரிய இடமில்லை. அதனால்தான் இரவில் படுத்ததும் பல்லுக்குத்து உயிரை வாங்குகிறது. ரூட் கனால் சிகிச்சையில் கூழை அகற்றி, மெல்லிய அரங்களால் கால்வாயைத் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட்டால் கழுவி, உலர்த்தி, அடைக்கிறார்கள். ஆனால் வேரின் சுவரெங்கும் நுண்குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அகலமும் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டரை மைக்ரோன். அரம் அங்கே நுழையாது, பக்டீரியா நுழையும். சிகிச்சை முடிந்து ஆண்டுகள் கழித்து மறுபடி சீழ் கட்டும் வேர்களில் அடிக்கடி அகப்படுவது என்டரோகொக்கஸ் ஃபீகாலிஸ் என்ற பிடிவாதக்காரக் கிருமி.

கைட்டோசானுக்கு நேர்மின்னேற்றம், பக்டீரியாவின் மேற்பரப்புக்கு எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒட்டிக்கொள்ள, கிருமியின் சுவர் சிதைகிறது. துணிக்கை சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு ஒட்டும் பரப்பு பெருகும். பல் ஆய்வாளர் அனில் கிஷேனும் அவரது குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய துணிக்கைகள் பூசிய வேர்ச்சுவரில் இந்தக் கிருமி ஒட்டுவது வெகுவாகக் குறைந்தது. அடைப்புப் பசையில் கலந்தபோது பசையின் பாயும் தன்மையும் கெடவில்லை. பாயாத பசையால் வேருக்குள் பயனில்லை என்பதால் இது சின்ன விடயமல்ல.

அடைப்பின் பெரும்பகுதி இன்றும் கட்டாபெர்ச்சாதான். 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட்ட அதே மலாய் நாட்டு மரப்பால். அதில் நனோ வைரத் துகள்களைக் கலந்து உறுதியாக்கிய முயற்சியைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்டார்கள். 2017இல் மூன்று நோயாளிகளில் சோதித்த முடிவும் வந்தது. மூன்று பேர் என்பது தொடக்கம் மட்டுமே. கல்சியம் சிலிக்கேற்றுப் பசைகளோ ஏற்கெனவே பல் வைத்தியர்களின் கையில் இருக்கின்றன. 1993இல் அமெரிக்காவின் லோமா லின்டாவில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழு அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. என்ற வேரடைப்புப் பொருளின் வழிவந்தவை அவை. வீடு கட்டும் சீமெந்தின் உறவு என்பதால் வேரின் ஈரத்திலேயே இறுகும்.

கைட்டோசானுக்கு ஒரு பலவீனம் உண்டு. கால்வாயில் கூழ்த் திசுவோ குருதியின் அல்புமினோ மிஞ்சியிருந்தால் அதன் வீரியம் குன்றும் என்று கிஷேனின் குழுவே பின்னர் காட்டியது. ஆகவே எந்த நனோ அடைப்பும் பொறுமையான துப்புரவுக்கு மாற்றாகாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் இத்தகைய பொருளை வைக்குமுன் அதை வைத்தியரிடம் சொல்லிவிடவும் வேண்டும்.

துப்புரவுக்குச் சில வேளை இரண்டு மூன்று தவணை தேவைப்படும். இடையில் கால்வாய்க்குள் கல்சியம் ஹைதரொட்சைட்டு மருந்து இருக்கும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மறுகரையான படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து பல் வைத்தியரிடம் வருவது எளிதாகிவிட்டது. ஆனாலும் கூலிவேலைக்காரருக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் சம்பளம். முதல் தவணையிலேயே குத்து நின்றுவிடுவதால் பலர் மறுபடி போகாமல் விடுவதும், பல்லைப் பிடுங்கிவிடச் சொல்வதும் விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் தற்காலிக அடைப்பு சில வாரங்களில் கசியத் தொடங்கும். கழுவி வைத்த கால்வாய்க்குள் எச்சில் இறங்கும், கிருமியும் கூடவே. குத்து நின்ற பல்லுக்கும் குறித்த தவணையில் போய் நிரந்தர அடைப்பை வைத்துக்கொள்ள வேண்டும்; கடைவாய்ப் பல்லென்றால் பெரும்பாலும் மேலே ஓர் உறையும்.