விருந்தாளியாக வரும் அப்பா

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண் பிறந்த வீட்டுக்குப் புறப்படுகிறாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் எழுதாத சட்டம். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துத் தாயையும் சேயையும் அழைத்து வருவார்கள். அதுவரை குழந்தையின் அப்பா என்ன செய்கிறார்? சனிக்கிழமை இரவு பஸ் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் இலை நிறையச் சாப்பிடுகிறார். யாரோ எடுத்துக் கொடுக்கும் குழந்தையைப் பத்து நிமிடம் மடியில் வைத்திருக்கிறார். அது சிணுங்கியதும் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறார். நம் தாலாட்டுகளில் தாய்மாமனுக்குக் கிடைக்கும் இடம் அப்பனுக்குக் கிடைப்பதில்லை. தொட்டில் ஆடிய வீட்டில் அவன் இருந்தால்தானே!

இந்த வழக்கத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வும், பத்தியச் சோறும், கூச்சமில்லாமல் உதவி கேட்க அம்மாவும் வேண்டும் என்று உணர்ந்த சமூகம் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்த ஏற்பாட்டில் முதல்முறை அப்பாவாகிறவனுக்கென்று ஒரு வேலையும் ஒதுக்கப்படவில்லை. செலவுக்குப் பணம் கொடுப்பதும், பெயர் வைக்கும் நாளில் முன்னால் உட்காருவதும் போதும் என்று விட்டுவிட்டோம். குழந்தை பிறந்துவிட்டால் அப்பா தானாகவே அப்பாவாகிவிடுவார் என்பது நம் நம்பிக்கை. ஆனால் பிள்ளையைத் தூக்கி வைத்துச் செலவிடும் நேரம்தான் ஆணை அப்பாவாக்குகிறது என்பதற்கு உடலே சாட்சி சொல்கிறது.

பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு நகரில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2011-ல் வெளியானது. ஆண்மைக்குரிய ஹார்மோன் என்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோன் தொடக்கத்தில் அதிகம் இருந்தவர்களுக்கே பின்னாளில் துணை தேடி அப்பாவாகும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. அப்பாவான பிறகு அவர்களிடம் அந்த ஹார்மோன் கணிசமாகக் குறைந்தது. தினமும் 3 மணி நேரமோ அதற்கு மேலோ குழந்தையைக் கவனித்தவர்களிடம், கவனிப்பில் பங்கெடுக்காதவர்களைவிட அது குறைவாக இருந்தது. இதை ஆண்மைக் குறைவு என்று யாரும் பதற வேண்டாம். போட்டிக்கும் துணை தேடலுக்கும் தயாராக இருந்த உடம்பு, பராமரிக்கும் வேலைக்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றே ஆய்வாளர்கள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அம்மாவைப் பத்து மாதச் சுமை மாற்றுவதுபோல, அப்பாவைத் தினசரி வேலை மாற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்தில் அது நடக்காது.

‘பால் கொடுப்பது அம்மா, குளிப்பாட்டுவது பாட்டி, ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை?’ என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் கொடுக்க வேண்டியிருக்கும். பால் கொடுக்கும் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் யார் கையாலும் ஆகக்கூடியவை. குழந்தையை எடுத்து வந்து தாயிடம் கொடுப்பது, குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வைப்பது, ஈரத் துணியை மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது ஆகியவற்றை அப்பா செய்தால் ஒவ்வொரு தடவையும் தாய்க்கு அரை மணி நேரத் தூக்கம் மிஞ்சும். எடை குறைந்து பிறந்த குழந்தையை மார்போடு அணைத்துச் சூடு தரும் ‘கங்காரு’ முறை 1978-ல் கொலம்பியாவின் பகோட்டா நகரில் தொடங்கியது. அந்தச் சூட்டைத் தகப்பன் மார்பும் தரும்.

அப்பா தொடக்கத்திலிருந்தே பழக வேண்டியதற்கு வெளியில் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வை இப்போதுதான் மெல்லப் பேசத் தொடங்கியிருக்கிறோம். தகப்பனுக்கும் அது வரலாம். பல நாடுகளில் நடந்த 43 ஆய்வுகளைத் தொகுத்து 2010-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரை, கருவுற்ற காலம் தொடங்கிக் குழந்தையின் முதல் வயது வரை ஏறக்குறைய பத்தில் ஒரு தந்தைக்கு மனச்சோர்வு இருந்ததாகச் சொல்கிறது. மூன்று முதல் ஆறாம் மாதம் வரை அது உச்சத்தில் இருந்தது. அந்த ஆய்வுகள் நம் வழக்கத்தை அளந்தவை அல்ல. ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: நம் ஊரில் தாயும் பிள்ளையும் அப்பாவின் வீட்டுக்கு வந்து சேரும் காலமும் அதேதான். மூன்று மாதம் விருந்தாளியாக இருந்தவர், ஒரே நாளில் நடுராத்திரி அழுகைக்கு முன்னால் நிற்கிறார். பழகிய மாமியார் வீட்டுக் கைகள் அப்போது பக்கத்தில் இல்லை.

‘லீவு எங்கே கிடைக்கிறது?’ என்பது நியாயமான கேள்வி. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 1997 முதல் 15 நாள் விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 15 நாள் முன்பிருந்து ஆறு மாதத்துக்குள் அதை எடுக்கலாம். தாய்க்கான விடுப்பை 26 வாரமாக உயர்த்திய 2017 சட்டத் திருத்தம் தந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தனியார் நிறுவனங்களில் தந்தைக்கு விடுப்பு என்பது முதலாளியின் தயவு. சட்டம் மாற வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் விடுப்பு இல்லாததையே காரணமாக்கி ஒதுங்கவும் முடியாது. கற்றுக்கொள்வதற்கு விடுப்பு தேவையில்லை. ஏழெட்டு மாத அவகாசம் முன்கூட்டியே கிடைத்திருக்கிறது. கிடைக்கிற சில நாட்களையும் பெயர்சூட்டு விழாவுக்குச் செலவழிக்காமல், குழந்தையோடு இருக்கும் சாதாரண நாட்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘பெண்கள் புழங்கும் இடத்தில் ஆணுக்கு என்ன வேலை’ என்ற தயக்கத்திலும் பொருள் உண்டு. 2016-ல் மத்திய சுகாதாரத் துறை அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் உடனிருக்க ஒருவரை அனுமதித்தபோது, பெண் துணையைத்தான் குறிப்பிட்டது. ஒரே அறையில் பல பெண்கள் படுத்திருக்கும்போது அவர்களின் அந்தரங்கம் முக்கியம். பிரசவத்தில் ஆண்களின் பங்கேற்பை 2015-ல் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனமும், பெண்ணின் விருப்பமும் முடிவெடுக்கும் உரிமையும் குறையக் கூடாது என்று நிபந்தனை வைத்தே பரிந்துரைத்தது. அப்பாவாகத் தயாராவது என்பது மனைவியின் உடம்புக்குக் கண்காணிப்பாளர் ஆவதல்ல. பிரசவ அறைக் கதவு சாத்தியிருந்தாலும் வெளியே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

மாதாந்தரப் பரிசோதனைக்குக் கூடப் போய் டாக்டர் சொல்வதை நேரில் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பிக்மி பதிவு எண் வாங்கியாயிற்றா, தாய்சேய் நல அட்டை எங்கே, அவசரத்துக்கு எந்த வண்டி, ரத்தம் தேவைப்பட்டால் யார் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பாக இருக்கட்டும். வீட்டுக்குள் சிகரெட் புகை இன்றோடு நிற்கட்டும். கழுத்து நிற்காத பிள்ளையைத் தலை தாங்கித் தூக்குவது, மல்லாந்து படுக்க வைப்பது, பால் குடிக்க மறுத்தாலோ உடம்பு சுட்டாலோ பாட்டி வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓடுவது, 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்வது ஆகியவற்றை வளைகாப்புக்கு முன்பே கற்றுக்கொள்ளுங்கள். மாமனார் வீட்டில் முதல் நாள் கூச்சமாக இருக்கும். மாமியார் ‘நீங்க உட்காருங்க மாப்பிள்ளை’ என்பார். உட்காராதீர்கள். குழந்தை நனைத்த துணியை நீங்கள் மாற்றுங்கள்.